கண்ணளவு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நண்பர் ஒருவர் போன் செய்தார். பெயர் வேண்டாம். அவர் ஆபீஸில் பாதிப் பேர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள்.

"சார், ஒரு உதவி. பார் ஒண்ணு வைக்கப் போறேன்."

"லைசென்ஸ் கிடைக்காதேய்யா."

"ஐயோ, வீட்டுல சார்!"

மடிப்பாக்கத்தில் பிளாட் வாங்கியிருக்கிறார். ஹாலில் ஷோகேஸ் ஓரமாக இரண்டடிக்கு ஒன்றரையடி இடம் மிச்சம். "சாமி ஷெல்ப் அடிச்சிடலாமா சார்?" என்று கேட்டிருக்கிறார் கார்ப்பெண்டர். நண்பர் மனதில் இருந்தது வேறு சாமி. வீட்டுக்கார அம்மாவிடம் மனு போட்டு, ஒரு வாரம் பரிசீலனையில் கிடந்து, கடைசியில் சாங்ஷன் ஆகிவிட்டது. மூவாயிரம் ரூபாய், இரண்டு நிபந்தனைகள். ஒன்று, ஷெல்புக்குப் பூட்டு வேண்டும். வீட்டில் எட்டு வயதுப் பையன் இருக்கிறான். இரண்டு, 'எவ்வளவு?' என்று அந்த அம்மா கேட்டால் உண்மையான பதில் வரவேண்டும்.

முதல் நிபந்தனைக்கு ஆசாரி போதும். இரண்டாவதுக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கண்ணாடிச் சாமான் வாங்கத் துணைக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டு பாரிமுனைக்குப் போனேன்.

கடைக்காரர் எங்களை ஒரு பார்வை பார்த்தார். வீட்டில் அனுமதி வாங்கி வந்த ஆண்களின் முகம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "36 பீஸ் செட் இருக்கு சார். ஆறு தினுசு, தினுசுக்கு ஆறு" என்று பெட்டியைப் பிரித்தார். கல்யாண வீட்டுச் சீர்வரிசை மாதிரி மேஜை நிறைந்துவிட்டது.

நான் தெரிந்த மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து விளக்கினேன். வயிறு பெருத்து வாய் குறுகியது பிராந்தி கிளாஸ். உள்ளங்கையில் ஏந்தினால் சூட்டில் வாசனை எழும்பி, குறுகிய வாயருகே தங்கும். முக்கோணப் புனல் மாதிரி இருப்பது மார்ட்டினி கிளாஸ். கையோடு வாய்க்கு வருவதற்குள் பாதி சட்டையில் இருக்கும். காம்பு நீளமானது ஒயினுக்கு. கைச்சூடு ஒயினில் ஏறாமல் இருக்கத்தான் காம்பு. அதை விட்டுவிட்டுக் கிண்ணத்தைப் பிடிப்பவர்கள் சினிமா வில்லன்கள்.

"சார், நம்ம ஊர்ல பிராந்தியை எப்படிக் குடிக்கறோம்?" என்றார் நண்பர்.

"சோடா கலந்து. இல்லாட்டி கோலா."

"அப்போ வாசனை?"

"மறுநாள் காலைல வரும்."

பிராந்தி கிளாஸ் ஆறும் பெட்டிக்குத் திரும்பிப் போயின. மார்ட்டினியும் போயிற்று. ஒயின் கிளாஸ் ஒவ்வொன்றும் அரை லிட்டர் பிடிக்கும் போலிருந்தது. இதில் ஒரு விஷயம் உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் பழைய ஒயின் கிளாஸ்களைத் தேடிப் பிடித்து அளந்து, 2017-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். இங்கிலாந்தில் 1700-களில் ஒரு ஒயின் கிளாஸின் சராசரி கொள்ளளவு 66 மில்லி. இப்போது 449 மில்லி. முந்நூறு வருஷத்தில் கிளாஸ் ஏறக்குறைய ஏழு மடங்கு வளர்ந்திருக்கிறது. மனிதனின் ஈரல் வளர்ந்ததாகத் தகவல் இல்லை.

அடுத்து ஒரு பியர் கிளாஸ், இடுப்பு சிறுத்து மேலே அகன்று பார்க்க அழகாக இருந்தது. அதையும் வேண்டாம் என்றேன். 2012-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே அளவு பியர். சிலருக்கு நேரான கிளாஸில், சிலருக்கு வளைந்த கிளாஸில். நேர் கிளாஸ்காரர்கள் முடிக்கச் சுமார் 11 நிமிஷம், வளைவுக்காரர்கள் 7 நிமிஷம். அவர்கள் சொன்ன காரணம், வளைந்த கிளாஸில் 'பாதி' எங்கே என்று கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. பாதி தாண்டியது தெரியாமலே முழுக்கப் போய்விடுகிறது.

கடைக்காரர் கடைசி அஸ்திரமாக, பட்டை தீட்டிய டிகான்டர் ஒன்றை வெளிச்சத்தில் காட்டினார். வானவில் தெறித்தது. "கிரிஸ்டல் சார். சரக்கை இதுல ஊத்தி வெச்சா ராஜா வீடு மாதிரி இருக்கும்." பழைய பாணி கிரிஸ்டலில் மினுமினுப்புக்குக் காரணம் ஈயம். கால்பங்குக்கு ஈய ஆக்ஸைடு இருக்கும். கிளாஸில் ஊற்றி ஒரு மணி நேரத்தில் குடித்தால் பெரிய பாதகமில்லை. மாதக்கணக்கில் ஊற்றி வைத்தால் ஈயம் சரக்கில் இறங்குகிறது என்று 1991-லேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தார் லான்செட் இதழில் எச்சரித்துவிட்டார்கள். ஈயம் கலக்காத கிரிஸ்டலும் இப்போது வருகிறது. இது எந்த ஜாதி என்று கேட்டதற்கு, "நல்ல ஜாதி சார்" என்றார் கடைக்காரர். திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

கடைசியில் வாங்கியது இவ்வளவுதான். நேராக, உயரமாக ஆறு கிளாஸ். சோடா கலக்கவும் ஆகும், பியருக்கும் ஆகும், மாமியார் வந்தால் ரோஸ் மில்க்குக்கும் ஆகும். அடி கனமாக, குட்டையாக நாலு விஸ்கி கிளாஸ். எல்லாமே தனித்தனியாகக் கிடைக்கிற சாதா மாடல். ஒன்று உடைந்தால் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். செட்டில் ஒன்று போனால் மிச்சம் ஐந்தும் விதவைக் கோலத்தில் நிற்கும். ஐஸ் எடுக்க ஒரு இடுக்கி, ஒரு ஓப்பனர். ஷேக்கரை நண்பர் ஏக்கத்தோடு பார்த்தார். "காக்டெயில் செய்வீங்களா?" என்றேன். "எலுமிச்சம்பழ ஜூஸ் நல்லா போடுவேன்." ஷேக்கரும் பெட்டிக்குள் போயிற்று.

பில் போடும்போது கடைக்காரர், "பெக் மெஷர் வேணாமா சார்?" என்று மணிக்கட்டு உயர எவர்சில்வர் உடுக்கை ஒன்றை நீட்டினார். ஒரு பக்கம் 30 மில்லி, மறுபக்கம் 60. விலை மொத்த பில்லில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை.

நான் சிரித்தேன். "இருபது வருஷ சர்வீஸ்யா. கண்ணளவு போதாதா?"

நண்பர் சிரிக்கவில்லை. "இருக்கட்டும் சார்" என்று வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து கிளாஸ்களைக் கழுவி மேஜையில் கவிழ்த்தோம். நண்பர் ஒரு தண்ணீர் பாட்டிலை என்னிடம் கொடுத்து, "கண்ணளவுன்னீங்களே, ஒரு ஸ்மால் ஊத்துங்க பார்க்கலாம்" என்றார். வீட்டுக்கார அம்மா காபியோடு வந்து நின்றார். பையனும் வந்து நின்றான். எக்ஸாம் ஹால் மாதிரி ஆகிவிட்டது.

குட்டை கிளாஸில், வழக்கமாக ஊற்றுகிற லாகவத்தோடு ஊற்றினேன். நண்பர் அதை மெஷரில் கவிழ்த்தார். நிரம்பியது. கிளாஸில் மிச்சம் இருந்தது. மிச்சத்தை அளக்கப் பையனின் இருமல் மருந்து மூடியைக் கொண்டுவந்தார்கள். பதினைந்து மில்லி.

"அங்கிள் பெயில்!" என்றான் பையன்.

உயரக் கிளாஸில் மறுபடி முயன்றேன். அதிலும் 40. ஒரே மனிதன், ஒரே கை. அகலமான கிளாஸில் மட்டம் சீக்கிரம் ஏறுவதில்லை. கண்ணோ மட்டத்தைத்தான் பார்க்கிறது, அகலத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

அன்றைக்குக் காபி சரியாக இறங்கவில்லை. மாஸ்டர் செக்கப்புக்குப் போகும்போதெல்லாம் டாக்டர் கேட்பார், நானும் தெளிவாகச் சொல்வேன், "சனிக்கிழமை மட்டும், ரெண்டே ரெண்டு ஸ்மால்." நாற்பத்தைந்தும் நாற்பத்தைந்தும் தொண்ணூறு. மூன்று ஸ்மால். இருபது வருஷமாக டாக்டரிடம் பொய் சொல்லியிருக்கிறேன், சத்தியமாகப் பொய் என்றே தெரியாமல்.

அந்த முப்பது மில்லியின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் விஸ்கி, பிராந்தி, ரம் பாட்டில்களில் வழக்கமாக 42.8 சதவீதம் ஆல்கஹால். 30 மில்லியில் சுமார் 10 கிராம். 'குவார்ட்டர்' என்று செல்லமாகச் சொல்கிறோமே, அது 180 மில்லி, அதாவது ஆறு ஸ்மால். 'பியர்தானே' என்கிற 650 மில்லி பாட்டில் 5 சதவீதமானால் இரண்டரை ஸ்மால். 8 சதவீத ஸ்ட்ராங்கானால் நாலு. அளவே இல்லாவிட்டால் உத்தமம். 'பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது' என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது. இருந்தும் குடிப்பேன் என்கிறவன், எவ்வளவு என்றாவது தெரிந்து குடிக்கலாம்.

பையன் விளையாடப் போனபிறகு நண்பர் சொன்னார்.

"எங்கப்பா எவர்சில்வர் டம்ளர்ல குடிப்பார் சார். ஆபீஸ் விட்டு வந்ததும் கொல்லைல கிணத்தடிக்குப் போயிடுவார். பாட்டில் அரிசி டிரம் பின்னால. எங்க யாருக்கும் தெரியாதுன்னு அவர் நினைப்பு. எல்லாருக்கும் தெரியும். நான் காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கறப்போ ஆஸ்பத்திரில சேர்த்தோம். ஈரல். டாக்டர் அம்மாகிட்ட, தினம் எவ்வளவு குடிப்பார்னு கேட்டார். அம்மா, 'ஒரே ஒரு டம்ளர்தான் டாக்டர்'னாங்க. பொய் சொல்லலை சார். ஒரு டம்ளர்தான். அதுல எவ்வளவுன்னு அம்மாவுக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. அம்பத்துநாலு வயசுல போயிட்டார்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. வீட்டுக்கார அம்மா மெஷரைத் துடைத்து ஷெல்பில் முன்வரிசையில் வைத்தார். கிளாஸ்களெல்லாம் அதற்குப் பின்னால்.

அடுத்த சனிக்கிழமை திறப்பு விழா. விருந்தாளி நான் ஒருவன்தான். ஊரிலிருந்து நண்பரின் அம்மாவும் வந்திருந்தார்கள். நண்பர் தர்மசங்கடத்தோடு ஷெல்பைத் திறந்தார். அம்மா எழுந்து வந்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, உயரக் கிளாஸ் ஒன்றை எடுத்து டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்கள்.

"கண்ணாடியா? நல்லதுப்பா. உள்ள இருக்கறது தெரியும்" என்றார்கள். என்னிடம் திரும்பி, "நீங்களும் அளந்துதானே தம்பி?"

"அளந்துதாம்மா" என்றேன். அன்று நான் குடித்தது சரியாக அறுபது மில்லி. இருபது வருஷத்தில் முதல்முறையாக 'ரெண்டு ஸ்மால்'.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு ஷெல்ப் உத்தேசம் இருந்தால் இரண்டு டிப்ஸ். குழம்புச் சட்டி தேய்க்கிற ஸ்க்ரப்பரால் கிளாஸைத் தேய்க்காதீர்கள். துளி எண்ணெய்ப் பசை இருந்தாலும் பியர் நுரை நிற்காது. ஐஸ் டிரேயின் பொடிக் கட்டிகளுக்குப் பதில் சின்னக் கிண்ணத்தில் தண்ணீரை உறைய வைத்து ஒரே கட்டியாகப் போடுங்கள், மெதுவாகக் கரையும். மூடி வைத்து உறைய வையுங்கள். இல்லாவிட்டால் விஸ்கியில் நேற்றைய வத்தக்குழம்பு மணக்கும்.

நேற்று நண்பரிடம் பார் எப்படிப் போகிறது என்று விசாரித்தேன்.

"மெஷர் கைக்குக் கிடைக்கறதே இல்லை சார். அம்மா காபி டிகாஷன் அளக்க எடுத்துக்கிட்டாங்க."

"எவ்வளவு?"

"மத்தவங்களுக்கெல்லாம் ஸ்மால். அம்மாவுக்கு மட்டும் லார்ஜ்."