ஒரே கடல், ஒரே ரூட், இரண்டு கம்பெனி: நார்வே கப்பல் பயணத்துக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

நார்வே போகணும், துருவ ஒளியைப் பார்க்கணும் என்று யூடியூபில் தேட ஆரம்பித்தால் இரண்டு பெயர்கள் மாறி மாறி வரும்: ஹுர்ட்டிகுருட்டன், ஹாவிலா. இரண்டின் கப்பல்களும் பெர்கன் நகரில் கிளம்பி, ரஷ்ய எல்லைக்குப் பக்கத்தில் உள்ள கிர்கனெஸ் வரை போய்த் திரும்புகின்றன. இரண்டும் அதே 34 துறைமுகங்களில் நிற்கின்றன. போய்வர 12 நாள், அதுவும் ஒன்றுதான். கப்பல்களும் சின்னவை. ஆயிரக்கணக்கானோர் ஏறும் மிதக்கும் நகரங்கள் இல்லை. 500, 600 பேருக்கான அளவுதான்.

அப்புறம் என்ன வித்தியாசம்? சேமிப்பில் லட்சங்களைச் செலவழித்து, வருடத்துக்கு ஒருமுறை கிடைக்கும் லீவையும் போட்டுப் போகிறவர்களுக்கு இது சின்னக் கேள்வி இல்லை.

ஏன் எல்லாமே ஒரே மாதிரி இருக்கிறது?

இது க்ரூஸ் கம்பெனிகள் தாங்களாகப் போட்ட ரூட் இல்லை. நார்வே அரசு காசு கொடுத்து நடத்தும் கடற்கரைப் போக்குவரத்து.

19-ம் நூற்றாண்டில், ட்ரொன்ஹைமில் இருந்து வடக்கே ஹாமர்ஃபெஸ்ட்டுக்கு ஒரு கடிதம் போய்ச் சேர கோடையில் மூன்று வாரம் ஆகும். குளிர்காலம் என்றால் ஐந்து மாதம்வரை ஆகும். அதைத் தீர்க்க ரிச்சர்ட் வித் என்ற கேப்டன் 1893 ஜூலை 2 அன்று 'வெஸ்டெரோலன்' என்ற நீராவிக் கப்பலை அந்த வழியில் ஓட்டினார். ஹுர்ட்டிகுருட்டன் என்றால் நார்வே மொழியில் 'வேகமான வழி' என்று பொருள். முதலில் அது சேவையின் பெயர். கம்பெனியின் பெயரானது பிறகுதான்.

2018-ல் அரசு இந்தச் சேவைக்கான ஒப்பந்தத்தை இரண்டாகப் பிரித்தது. மொத்தம் 11 கப்பல்களில் ஏழு ஹுர்ட்டிகுருட்டனுக்கு, நான்கு புதிதாக வந்த ஹாவிலாவுக்கு. 2021 ஜனவரி 1 முதல் 2030 வரை இந்த ஏற்பாடு. எங்கே நிற்க வேண்டும், எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதெல்லாம் ஒப்பந்தப்படிதான். ஒரே ரூட்டில் இரண்டு கம்பெனி பஸ் ஓடுகிற மாதிரி.

அப்போ தேர்வே உங்கள் கையில் இல்லையா?

பாதிதான் இருக்கிறது. கணக்கு இதுதான்: ஒரு சுற்று முடிய 11 இரவு, கப்பல்களும் 11. அதனால் பெர்கனில் இருந்து தினமும் ஒரு கப்பல் கிளம்புகிறது. எந்த 11 நாளை எடுத்தாலும் ஏழு நாள் ஹுர்ட்டிகுருட்டன் முறை, நான்கு நாள் ஹாவிலா முறை. குறிப்பிட்ட தேதியில்தான் லீவு என்றால், உங்கள் ஹெச்.ஆர். மேலாளரே கம்பெனியைத் தேர்ந்தெடுத்துவிட்டார் என்று அர்த்தம். இரண்டு மூன்று நாள் முன்பின் நகர முடிந்தால்தான் 'எது பெஸ்ட்' என்ற கேள்விக்கே வேலை.

கப்பலில் என்ன வித்தியாசம்?

ஹாவிலாவின் நான்கு கப்பல்களும் புதியவை, ஒரே அச்சில் வார்த்தவை. எல்என்ஜி எரிவாயுவில் ஓடுகின்றன. கூடவே 6.1 மெகாவாட்-அவர் பேட்டரி இருக்கிறது. சாதகமான சூழலில் நான்கு மணி நேரம்வரை புகையும் இன்ஜின் சத்தமும் இல்லாமல் ஓட முடியும் என்கிறது நிறுவனம். ஆனால் எல்என்ஜியும் பூமிக்கடியில் இருந்து எடுக்கும் எரிபொருள்தான். 'பசுமைப் பயணம்' என்ற விளம்பரத்தைப் பார்க்கும்போது இதை மறக்க வேண்டாம்.

ஹுர்ட்டிகுருட்டனின் ஏழு கப்பல்களும் ஒரே ரகம் இல்லை. 'வெஸ்டெரோலன்' (முதல் கப்பலின் அதே பெயர்) 1983-ல் வந்தது. மற்றவை 1990-களில் கட்டப்பட்டவை. அவற்றில் சில, சமீப ஆண்டுகளில் பேட்டரி பொருத்தி ஹைபிரிட் ஆகியிருக்கின்றன. பழைய கப்பலின் உள் அறை என்றால் ஜன்னல் இருக்காது, இடமும் நெருக்கம். இந்தக் கப்பல்களுக்கென்றே ரசிகர்களும் உண்டு. மரவேலைப்பாடு, பழைய ஓவியங்கள், கரையோர மக்களோடு பல வருடப் பழக்கம் என்று காரணம் சொல்வார்கள்.

சாப்பாட்டில் ஹாவிலா, உணவு வீணாவதைக் குறைக்க பஃபே வேண்டாம் என்ற முடிவோடுதான் தொடங்கியது. தட்டில் சின்னச் சின்னதாகப் பரிமாறுவார்கள். ஹுர்ட்டிகுருட்டனில் பஃபே பழக்கம் நீண்ட காலமாக உண்டு. இரண்டிலுமே மீன்தான் ராஜா. சைவம் என்றால் புக்கிங்கின்போதே சொல்லிவிடுங்கள்.

எனவே ஒப்பிட வேண்டியது கப்பலை, கம்பெனியை அல்ல. 'ஹுர்ட்டிகுருட்டன் நல்லா இருந்துச்சு' என்று நண்பர் சொன்னால், எந்தக் கப்பல், எந்த அறை என்று கேளுங்கள்.

பெயரில் ஏமாறாதீர்கள்

ஹுர்ட்டிகுருட்டன் வேறு கப்பல்களிலும் சுற்றுலாப் பயணம் நடத்துகிறது. அவை குறைவான இடங்களில், அதிக நேரம் நிற்கும். அன்டார்டிகா போகும் ஹெச்எக்ஸ், ஒரு காலத்தில் இதே குழுமத்தில் இருந்து பிரிந்த தனி நிறுவனம். விலையை ஒப்பிடும்போது, ஒரே பயணத்தைத்தான் ஒப்பிடுகிறோமா என்று பாருங்கள்.

யாருக்கு ஒத்துவராது?

கேசினோ, மேடை நிகழ்ச்சி, நீச்சல்குள பார்ட்டி எதிர்பார்ப்பவர்களுக்கு இரண்டுமே வேண்டாம். சில ஊர்களில் 15 நிமிடம்தான் நிற்கும். அதிகாலை 2 மணிக்குச் சரக்கு இறக்கும் சத்தம் கேட்கும். ஹுஸ்டாட்விகா போன்ற திறந்த கடல் பகுதியில் கப்பல் நன்றாகவே ஆடும். பக்கத்து இருக்கையில் இருப்பவர், அடுத்த ஊரில் டாக்டரைப் பார்க்கப் போகிறவராக இருக்கலாம்.

இதுதான் முக்கியம். நமக்கு இது சுற்றுலா, அவர்களுக்கு இது பஸ். ஹாவிலாவின் கப்பல்கள் 2021 தொடக்கத்திலேயே வந்திருக்க வேண்டும். முதல் கப்பல் 'கபெல்லா' அந்த டிசம்பரில்தான் வந்தது. 2022-ல், ரஷ்யக் கடன் நிறுவனம் ஒன்றின் மீதான தடையால் அதுவும் சில காலம் நின்றது. நான்கும் ஓட 2023 ஆகிவிட்டது. போட்டி வந்ததால் சுற்றுலாப் பயணிக்குப் புதுக் கப்பலும் பேரம் பேச வாய்ப்பும் கிடைத்தன. கரையோர ஊர்க்காரர் கேட்பது வேறு: 'இன்னைக்குக் கப்பல் வருமா, வராதா?' இந்த ஏற்பாடு வெற்றியா என்பதை அந்தக் கேள்வியை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

சரி, எப்படி முடிவெடுப்பது?

முதலில் பருவம். துருவ ஒளிக்கு செப்டம்பர் கடைசி முதல் மார்ச் வரை. நள்ளிரவுச் சூரியனுக்கு ட்ரோம்சோவில் மே கடைசி முதல் ஜூலை பிற்பகுதி வரை. நவம்பர் கடைசி முதல் ஜனவரி நடுப்பகுதி வரை அங்கே சூரியன் எழவே எழாது; அதற்கு மனதளவில் தயாரா என்று யோசியுங்கள்.

இரண்டாவது தேதி, அன்று கிளம்பும் கப்பலின் பெயர், பிறகு அறையின் வகை. 'ஒளி தெரியாவிட்டால் இன்னொரு பயணம் இலவசம்' என்ற வாக்குறுதி இருந்தால் நிபந்தனைகளை வரி விடாமல் படியுங்கள். அப்போதும் விமான டிக்கெட் உங்கள் செலவுதான்.

மூன்றாவது விசா. நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் இருக்கிறது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும்.

எங்கள் கருத்து: முதல்முறை போகிறவர்கள் 12 நாளுக்குப் பணம் கட்ட அவசரப்பட வேண்டாம். இரண்டு கம்பெனியிலும் ஒரு துறைமுகத்தில் இருந்து இன்னொன்றுக்கு மட்டும் டிக்கெட் வாங்கலாம். லோஃபோட்டன் தீவுகளின் ஸ்வோல்வாரில் இரவு ஏறினால் மறுநாள் மதியம் ட்ரோம்சோ. பிடித்திருந்தால் அடுத்த முறை முழுச் சுற்று. பிடிக்கவில்லை என்றால் நஷ்டம் ஒரு ராத்திரி டிக்கெட்தான், வருட லீவு முழுக்க இல்லை.