மழையும் மோட்டார் சைக்கிளும்

ஐப்பசி பிறந்துவிட்டால் சென்னைக்கு மேற்கேயுள்ள ஊர்களில் இரண்டு வியாபாரங்கள் திடீரென்று செழிக்கத் தொடங்குகின்றன. ஒன்று, சுடச்சுட பஜ்ஜி. மற்றொன்று, சாலையோரத்தில் கயிறு கட்டித் தொங்கவிடப்படும் மழைக்கோட்டு. முதலாவதைப் பற்றி யோசனை சொல்ல வேண்டிய அவசியமில்லை. நம்மவர்கள் அதில் நிபுணர்கள். இரண்டாவதைத்தான், பாதி நனைந்த பிறகு வண்டியை நிறுத்தி, விலையை மாத்திரம் விசாரித்து, அவசரமாக வாங்கிச் செல்கிறார்கள். மறுவாரம், "கோட்டும் போட்டேன், நனையவும் செய்தேன்" என்று குறைப்படுகிறார்கள்.

சென்னை வட்டாரத்தில் ஆண்டொன்றுக்குச் சுமார் 140 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியை ஒட்டிய வடகிழக்குப் பருவத்திலேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது. அந்நாட்களில் தொழிற்சாலைகளின் சங்கு நிற்பதில்லை. 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும், ஆவடியிலுள்ள கனரக வாகனத் தொழிற்சாலைக்கும், பூந்தமல்லியைச் சுற்றியுள்ள கம்பெனிகளுக்கும் ஆயிரமாயிரம் பேர் இருசக்கர வண்டியில்தான் போய்வர வேண்டியிருக்கிறது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் அம்பத்தூர் தொழிற்பேட்டை ஜலத்தில் மிதந்தபோதும் கண்டோமே, அத்தகைய நாட்களில் எந்தக் கோட்டும் உதவாது, வீட்டிலிருப்பதே விவேகம். ஆனால் வேலைக்குப் போயே தீரவேண்டிய சாதாரண மழை நாட்கள் பல உண்டு. அவற்றைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒரு சிறு கணக்கு. உபாத்தியாயன் எழுதுகிற பகுதியில் கணக்கு வருவதை நேயர்கள் மன்னிக்க வேண்டும். நடுத்தரமான மழைத்துளி வினாடிக்கு 6 அல்லது 7 மீட்டர் வேகத்தில் விழுகிறது. பெருந்துளியாயினும் 9 மீட்டரை அதிகம் தாண்டுவதில்லை. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியோ வினாடிக்கு 11 மீட்டர் முன்னேறுகிறது. ஆகவே, நடப்பவனுக்கு மழை மேலிருந்து பெய்கிறது. வண்டி ஓட்டுபவனுக்கு அது எதிரிலிருந்து பெய்கிறது! நம் பாட்டனார்கள் நாற்று நடும்போது சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு தலையையும் முதுகையும் காத்தார்கள். குனிந்து நிற்பவருக்கு அது மெத்தச் சரி. வண்டிக்காரர் காக்க வேண்டியது மார்பு, கழுத்து, மடி, முழங்கால் ஆகியவற்றை.

இதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பரீட்சை தேறினாற்போலத்தான். கடையில் கோட்டைக் கையில் எடுத்தவுடன் முன்புறத்து ஜிப்பைப் பாருங்கள். அதன்மேல் ஒரு துணிப்பட்டை மூடுகிறதா? உட்புறத்திலும் இன்னொரு பட்டை இருந்தால் உத்தமம். பிறகு உள்ளே திருப்பித் தையலைப் பாருங்கள். ஊசி நுழைந்த ஒவ்வொரு துவாரமும் ஜலத்துக்கு ஒரு வாசல். தையலின்மேல் நீளமாக டேப் ஒட்டியிருந்தால்தான் அந்த வாசல் அடைபடும். கழுத்துப்பட்டை உயரமாயும், மணிக்கட்டு இறுக்கிக்கொள்ளத் தக்கதாயும் இருக்க வேண்டும். கையுறை போடுகிறவர்கள் அதன் விளிம்பைச் சட்டைக் கையின் உட்புறம் செருகிக்கொள்ளட்டும். வெளியே விட்டால் கையில் வழியும் ஜலமெல்லாம் உறைக்குள் சேர்ந்துவிடும்.

தலைவழியே மாட்டிக்கொள்ளும் போர்வை போன்ற அங்கி விலை மலிவுதான்; ஆனால் அது காற்றில் படபடக்கும், கண்ணாடியை மறைக்கும், சமயத்தில் சங்கிலியிலோ சக்கரத்திலோ சிக்கி ஆளையே கீழே தள்ளும். வண்டிக்கு அது வேண்டாம். சட்டையும் காற்சட்டையும் தனித்தனியாக உள்ளதே நமக்கு ஏற்றது. உடுத்திய உடையின்மேல் போடுவதால் ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள். வாங்கும்போது நின்று பார்ப்பதோடு உட்கார்ந்தும் பாருங்கள். உட்கார்ந்தால் காற்சட்டை கணுக்காலுக்கு மேலே ஏறுகிறதா? ஏறினால் செருப்பும் சாக்ஸும் குளம்தான். தொடைகளுக்கு நடுவே நாலு தையல்கள் கூடுமிடம் இருக்கிறதே, மடியில் தேங்கும் ஜலம் அங்கேதான் முதலில் கசியும். அவ்விடத்தை இருமுறை பரிசோதியுங்கள்.

இனி, துணி. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சார்லஸ் மாக்கின்டாஷ் என்பவர் 1823-ல் இரு துணிகளுக்கு நடுவே ரப்பரைப் பூசி நனையாத துணிக்கு உரிமை பெற்றார். நம் தேசத்தில் இத்தொழிலை ஊன்றியவர்களுள் முக்கியமானவர், விடுதலைப் போரில் சிறை கண்ட சுரேந்திர மோகன் போஸ். 1920-ல் கல்கத்தாவில் அவர் நிறுவிய 'பெங்கால் வாட்டர்புரூப்' தொழிற்சாலையின் 'டக்பாக்' கோட்டு, வாத்தின் முதுகில் ஜலம் ஒட்டாதது போல என்னும் பொருளைப் பெயரிலேயே தாங்கி, தேசமெங்கும் பிரசித்தி பெற்றது. ரப்பர்க் கோட்டின் கனத்தையும் வாசனையையும் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இப்போது கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. பி.வி.ஸி. கோட்டு மலிவு, ஜலத்தை நன்கு தடுக்கும், ஆனால் மடித்த இடத்தில் நாளடைவில் விரியும். பாலியெஸ்டர் துணியின் உட்புறத்தில் பாலியூரிதேன் பூசியது இலேசானது, மடிக்கச் சௌகரியமானது. சில கோட்டுகளின் அட்டையில் 5,000, 10,000 என்று மில்லிமீட்டர்க் கணக்குப் போட்டிருக்கும். அத்துணியின்மேல் எத்தனை உயரமான ஜலத்தூண் நின்றால் கசியாது என்பதற்கு அது அளவு. எதிர்காற்றும் உட்காரும் பாரமும் ஜலத்தை உள்ளே அழுத்துவதால், தினந்தோறும் நெடுந்தூரம் போகிறவர் 10,000 உள்ளதையே நாடலாம்.

வியர்வையை வெளியே விடும் உயர்ந்த ரகத் துணிகளும் உண்டு. உள்ளே ஆவி மிகுந்தும் வெளியே குறைந்தும் இருந்தால்தான் அவை வேலை செய்யும். நமது கார்த்திகைக் காற்றே ஈரத்தில் ஊறியதாயிற்றே! ஆகையால் அதற்காக அதிகப் பணம் கொடுப்பதைவிட, தளர்வான தைப்பும், முதுகில் மடிப்புக்குள் காற்றுத் துவாரமும் உள்ள கோட்டு நமக்கு அதிக சுகம் தரும்.

நிறத்தைப் பற்றிப் பிடிவாதமாகவே சொல்வேன். "அழுக்குத் தெரியாது" என்று கறுப்பையும் கருநீலத்தையும் வாங்குகிறோம். அழுக்குத் தெரியாத கோட்டில் ஆளும் தெரிவதில்லை. மாலை ஆறரை மணிக்கு, சென்னை - திருவள்ளூர் நெடுஞ்சாலையில், லாரி ஓட்டுபவரின் கண்ணாடியில் ஜலம் வழியும்போது, கறுப்புக் கோட்டுக்காரர் அவர் கண்ணுக்கு இருட்டின் ஒரு துண்டு. மஞ்சளோ, ஆரஞ்சோ, ஒளியை எதிரொலிக்கும் பட்டையோடு வாங்குங்கள். ஹெல்மெட்டின் முகக்கண்ணாடியும் நிறமற்றதாகவே இருக்கட்டும்.

இவையெல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. நம் வீடுகளில் மழைக்கோட்டு ஒன்றே ஒன்றுதான்; அது ஓட்டுபவருக்கு. பின்னால் ஒருபக்கமாக அமரும் மனைவிக்குக் குடை! ஓடும் வண்டியில் விரித்த குடை பாய்மரத்துக்குச் சமானம். ஒரு கை குடையில், மற்றொரு கை குழந்தையின்மேல். பிடித்துக்கொள்ளக் கை ஏது? காற்று ஒருமுறை வீசினால் விளைவைச் சொல்ல மனம் வரவில்லை. அத்தகைய செய்திகளைப் பத்திரிகையில் நாமெல்லாரும் படித்திருக்கிறோம். வண்டியில் எத்தனை பேர் ஏறுகிறார்களோ, அத்தனை கோட்டு வேண்டும். புடவைமேல் மழைக் காற்சட்டை நன்றாயிராது என்று கூச்சப்படும் சகோதரிகள், புடவையின் ஈரத் தலைப்பு சக்கரத்தில் சிக்குவதைக் காட்டிலும் அது எவ்வளவோ நன்று என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது கோட்டுக்குப் பணம் சேரும்வரை, மழை வந்தால் வண்டியை நிறுத்தி ஒதுங்குங்கள். குடையை மட்டும் விரிக்காதீர்கள்.

வாங்கிவந்த கோட்டை முதல் மழைவரை காத்திராமல், வீட்டுக் குளியலறையில் போட்டுக்கொண்டு ஒரு வாளி ஜலத்தை மார்பில் ஊற்றச் சொல்லிப் பாருங்கள். குழந்தைகள் இந்தக் கைங்கரியத்தை உற்சாகத்துடன் செய்வார்கள். பிரயாணத்தில் காற்சட்டை சைலன்ஸரில் படாமல் கவனியுங்கள், பட்டால் உருகிவிடும். வீடு திரும்பியதும் ஈரத்தோடு சுருட்டி வண்டிப்பெட்டியில் அடைக்காமல் நிழலில் உலர்த்துங்கள். இல்லாவிடில் பூஞ்சணம் பூக்கும், பூச்சும் உரியும்.

நனைந்தவன் அவசரப்படுவான். பள்ளத்தை மறைத்துக்கொண்டு ஜலம் நிற்கிறதென்று தெரிந்தும், "எப்படியாவது வீடு போய்ச் சேர்ந்தால் போதும்" என்று வேகத்தைக் கூட்டுவான். உடம்பு நனையாதவனோ முப்பதில் நிதானமாக வருவான். முன்வண்டிக்கு இடம் விடுவான். பெருமழை பிடித்தால் பெட்டிக்கடை ஓரத்தில் நின்று ஒரு தேநீர் பருகவும் அவனுக்குப் பொறுமையிருக்கும். இவ்வாண்டு தீபாவளிக்குப் புத்தாடை எடுக்கும்போதே, வீட்டில் வண்டியேறும் ஒவ்வொருவருக்கும் மஞ்சள் நிறத்தில் ஒரு மழைக்கோட்டும் எடுத்துவிடுங்கள். பட்டாசு வாங்கும் பணத்தில் கொஞ்சம் குறைந்தால் குழந்தைகளுக்கு ஒன்றும் நஷ்டமில்லை.