பற்றும் ஒற்றடமும்

கால் சுளுக்கிக்கொண்டால் புளியையும் உப்பையும் கரைத்துக் கொதிக்கவைத்து, பொறுக்கும் சூட்டில் பற்றிடுவது நம் நாட்டுச் சிற்றூர்களில் நெடுநாளைய வழக்கம். தலைநோவுக்குச் சுக்கை இழைத்து நெற்றியில் பூசுவர். முதுகுப் பிடிப்புக்கு நொச்சியிலையை வதக்கித் துணியில் முடிந்து ஒற்றடம் கொடுப்பர். பல்நோவுக்குக் கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் தோய்த்து வைப்பர். சித்த மருத்துவம் அகமருந்து 32, புறமருந்து 32 என வகுத்து, உண்ணும் மருந்துக்கு ஒப்பாகவே பூசும் மருந்தையும் மதித்திருக்கிறது. இவற்றைக் கண்டு நகைப்பாரும் உளர். இவையே போதும், வேறு மருத்துவம் வேண்டா என்பாரும் உளர். மருந்தைக் கையாண்டவரின் மதிநுட்பத்தை இவ்விரு சாராரும் மறந்துவிட்டனர் என்பது என் கருத்து.

நகைப்பாரை முதலில் எடுத்துக்கொள்வோம். மிளகாய் அரைத்த கை எரிவதை நாம் அறிவோம். அக்கையில் நெருப்புப் படவில்லை. ஆயினும் சுட்டதுபோலவே எரிகிறது. இதன் காரணத்தை அமெரிக்க அறிஞர் டேவிட் ஜூலியசும் அவர் குழுவினரும் 1997ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நரம்பு முனைகளில் வெப்பத்தை உணரும் புரதம் ஒன்று உண்டு. ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூடு பட்டால் அது வாயில் போலத் திறந்துகொள்ள, சுடுகிறது என்னும் செய்தி மூளைக்குச் செல்கிறது. மிளகாயின் காரப்பொருளாகிய காப்சைசினும் அதே வாயிலைத்தான் திறக்கிறது. அதனைப் பலநாள் தொடர்ந்து பூசினால் அந்நரம்பு முனை ஓய்ந்து, நோவுச் செய்தியை அனுப்பும் ஆற்றலில் குன்றிவிடுகிறது. மூட்டு நோவுக்கு இன்று மருத்துவர் தரும் காப்சைசின் களிம்பு வேலை செய்யும் முறை இதுவே. ஜூலியசுக்கும், தொடுவுணர்வை ஆராய்ந்த ஆர்டெம் பட்டபூட்டியனுக்கும் 2021இல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

இடித்துக்கொண்ட முழங்காலை நாம் உடனே தேய்த்துவிடுகிறோம் அல்லவா? தொடுவுணர்வைச் சுமக்கும் நரம்புகள் முதுகுத் தண்டில் நோவுச் செய்தியின் வழியை அடைக்கின்றன என்று மெல்சாக், வால் என்னும் இருவர் 1965இல் எழுதினர். அக்கொள்கையின் நுணுக்கங்கள் பின்னர்த் திருத்தம் பெற்றன. ஆயினும் தேய்ப்பதால் நோவு தணிகிறது என்பதில் ஐயமில்லை. ஆகவே பற்றின் பயனில் ஒரு பங்கு இலைக்கு உரியது. ஒரு பங்கு சூட்டுக்கு உரியது. மற்றொரு பங்கு பூசிவிடும் கைக்கு உரியது. எப்பங்கு எவ்வளவு என்று யாரால் பிரித்துக் கூற முடியும்?

இனி, இவையே போதும் என்பாரிடம் வருவோம். எங்கள் ஆச்சி சுளுக்குக்குப் பற்றிடுவதில் பேர்பெற்றவர். ஆனால், கால் பிசகியது என்று யார் வந்தாலும் உடனே அடுப்பு மூட்டமாட்டார். கணுக்கால் எலும்பின் ஓரமாக விரலை வைத்து மெல்ல அழுத்துவார். முகம் சுளிக்கிறதா என்று பார்ப்பார். பிறகு, “எழுந்து நாலடி நட, பார்ப்போம்” என்பார். நடந்தால் பற்று, நடக்க இயலாவிட்டால் வண்டி பூட்டி மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார். பின்னாளில் நான் ஒரு செய்தியைப் படித்து வியந்தேன். கனடா நாட்டின் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் 1992இல் கணுக்கால் காயத்துக்கு ஒரு விதி வகுத்தனர். எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் நோவு இருந்தாலும், அடிபட்டவர் நான்கு அடி எடுத்துவைக்க இயலாவிட்டாலும் எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தல் வேண்டும் என்பதே அவ்விதி!

ஆச்சி தவறே செய்யாதவர் என்று நான் கூறவில்லை. புதிய சுளுக்கில் வீக்கம் இருக்கும்போதே சுடச்சுடப் பற்றிட்டார். முதல் இரண்டொரு நாள் குளிர்ந்த துணியே ஏற்றது என்பது இன்றைய மருத்துவர் கருத்து. ஆனால், தம் மருந்து எங்கே நின்றுவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார். இக்காலத்தில் நாம் மருந்தை வைத்துக்கொண்டு அவ்வறிவைக் கைவிட்டோம். எங்கள் தெருவில் ஒரு முதியவருக்கு நள்ளிரவில் மார்பு நோவு கண்டு இடக்கைவரை பரவியது. வாயுப் பிடிப்பு என்று கருதி விடியும்வரை தைலம் தேய்த்தனர். காலையில் மருத்துவர் அவர் உயிரைக் காத்தார். ஆயினும் இதயத் தசையில் ஒரு பகுதி அதற்குள் செயலிழந்துவிட்டது. தைலம் அவருக்குத் தீங்கு செய்யவில்லை. தைலம் தேய்த்த ஐந்து மணி நேரம் தீங்கு செய்தது.

இயற்கைப் பொருள் தீங்கற்றது என்னும் எண்ணமும் ஆராயத்தக்கது. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். பிடிப்புத் தைலங்களில் சேரும் விண்டர்கிரீன் எண்ணெய் ஆஸ்பிரினுக்கு உறவான பொருள். தோலில் இதம் தரும் அவ்வெண்ணெயை ஒரு தேக்கரண்டி விழுங்கினால் சிறு குழந்தையின் உயிரே போகக்கூடும். அப்புட்டி பல வீடுகளில் குழந்தையின் கைக்கெட்டும் சாளரத்தில் இருக்கிறது.

எங்கள் வீட்டில் அது மேல்தட்டில் இருக்கிறது. கால் பிசகி வரும் பிள்ளைகளை, புளிப்பானையைத் திறக்குமுன், நாலடி நடக்கச் சொல்கிறேன்.