ஓட்டு கேட்காதவரின் உதவி

2024 ஏப்ரல் 19 அன்று நடந்த மக்களவைத் தேர்தலில் தருமபுரியில் 81 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். மத்திய சென்னையில் 54 சதவீதம்தான். ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் இப்படி இரண்டு எண்களை அருகருகே வைத்து, படித்த நகரத்து மக்களின் சோம்பலைக் கடிந்துகொள்வது நமக்கு வழக்கமாகிவிட்டது. அடுத்த தேர்தல் வந்ததும் கோலப்போட்டி, மனிதச் சங்கிலி, கல்லூரி வாசலில் உறுதிமொழி என்று மருந்தும் தயாராகிவிடும். இந்தக் கோபத்தில் பாதி ஆள் மாறி விழுகிறது என்பது என் எண்ணம். 2025 இறுதியில் நடந்த வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் வரைவுப் பட்டியல் டிசம்பர் 19 அன்று வெளியானபோது, தமிழ்நாட்டில் 6.41 கோடியாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 5.43 கோடியாகக் குறைந்தது. சென்னை மாவட்டத்தில் மட்டும் சுமார் 40 லட்சம் பெயர்களில் 14 லட்சத்துக்கும் மேல் காணாமல் போயின. இறந்தவர்கள், வீடு மாறியவர்கள், இரண்டு இடத்தில் பெயர் உள்ளவர்கள் என்று அதிகாரிகள் வகை பிரித்துச் சொன்னார்கள். அது முழுக்கச் சரியென்றால், நாம் இத்தனை காலம் பேசிவந்த வாக்கு சதவீதமே ஊதிப்போன கணக்கின் மேல் நின்றிருக்கிறது. சரியில்லை என்றால், அதே தெருவில் உயிரோடு குடியிருப்பவர்களின் பெயர் போயிருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் கோளாறு பட்டியலில் இருக்கிறது. வாக்காளருக்கு உதவ நினைக்கும் உள்ளூர்க் குழு எதுவானாலும் அதன் வேலை அங்கேதான் தொடங்க வேண்டும். அதுவும் கட்சி சாராத குழுவாக இருக்க வேண்டும்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று அருகில் போய்ப் பார்த்தால்தான் ஏன் ஆள் தேவை என்பது விளங்கும். பட்டியலின் ஒரு பக்கத்தில் 30 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் வரிசை எண், அடையாள அட்டை எண், பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம். இணையத்தில் கிடைக்கும் பட்டியல் படமாக இருப்பதால் பெயரைத் தட்டச்சு செய்து தேட முடியாது. பக்கம் பக்கமாகக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். சென்னையில் வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு உண்டு. பட்டியலில் அண்ணனுக்கு ஒன்றும் தம்பிக்கு மற்றொன்றும் ஏறியிருக்கும், அதனால் ஒரே வீட்டுக்காரர்கள் வேறு வேறு பாகத்தில் கிடப்பார்கள். தலைப்பெழுத்து முன்னால் ஒரு பட்டியலில், பின்னால் இன்னொன்றில். தீவிரத் திருத்தத்தின்போது 2002, 2005 ஆண்டுகளின் பழைய பட்டியலில் தன் பெயரையோ பெற்றோர் பெயரையோ காட்டச் சொன்னார்கள். இடையில் 2008இல் தொகுதி மறுவரையறை நடந்து தொகுதிகளின் எல்லையும் பெயரும் மாறிவிட்டன. எழுபது வயதுப் பாட்டி, தான் 2002இல் எந்தத் தொகுதி என்பதை எங்கே போய்க் கேட்பார்? பெயர் சேர்க்கப் படிவம் 6, முகவரி மாற்றவும் பிழை திருத்தவும் படிவம் 8 என்ற இந்த ஒரு வரி தெரியாமலேயே, திருமணமாகி வேறு ஊர் போன எத்தனையோ பெண்களின் பெயர் பிறந்த வீட்டு முகவரியிலேயே தங்கிவிடுகிறது.

இதெல்லாம் அரசின் வேலை, சம்பளம் வாங்குபவர்கள் செய்யட்டும் என்று ஒருவர் கேட்கலாம். அரசின் வேலைதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வாக்குச்சாவடி நிலை அலுவலர் என்பவர் யார்? அங்கன்வாடிப் பணியாளர், பள்ளி ஆசிரியர், மாநகராட்சி ஊழியர். தன் அன்றாட வேலையை வைத்துக்கொண்டே இதையும் சுமப்பவர். ஒரு சாவடிக்கு 1,200 வாக்காளர்கள் வரை இருக்கலாம் என்பது இப்போதைய வரம்பு. ஆளுக்குப் பத்து நிமிடம் என்று வைத்தாலே 200 மணி நேரம் ஆகிறது. பூட்டிய வீட்டுக்குத் திரும்பத் திரும்ப நடக்கும் நேரம் இதில் சேரவில்லை. பகலில் அவர் கதவைத் தட்டும்போது வேலைக்குப் போயிருக்கும் குடும்பம், தாளில் 'இடம்பெயர்ந்தவர்' ஆகிவிடுகிறது. அந்த அலுவலரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாடிப்போர்ஷனில் இருப்பவர்கள் இரவு எட்டு மணிக்குத்தான் வருவார்கள் என்பது தெருக்காரருக்குத் தெரியும், அதை அலுவலருக்கு யாராவது சொல்ல வேண்டும். அரசின் வேலையைப் பறிக்காமல் அதைச் செய்ய வைப்பதற்கே தன்னார்வலர் வேண்டும் என்கிறேன்.

கட்சிக்காரர்கள் இருக்கிறார்களே, ஒவ்வொரு சாவடிக்கும் முகவர் போட்டிருக்கிறார்களே என்பது இதைவிட வலுவான கேள்வி. தமிழ்நாட்டில் கட்சிகளின் முகவர்கள் வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பிக் கொடுத்ததை மறைக்கக் கூடாது. ஆனால் பீகாரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அங்கு நடந்த இதே தீவிரத் திருத்தத்தில், 2025 ஆகஸ்டு 1 அன்று வந்த வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் விடுபட்டன. அந்தப் பெயர்களைக் காரணத்தோடு வெளியிடும்படி உச்ச நீதிமன்றம் ஆகஸ்டு 14 அன்று உத்தரவிட வேண்டியிருந்தது. ஆகஸ்டு 22 அன்று, 1.6 லட்சம் கட்சி முகவர்கள் இருந்தும் அவர்கள் பக்கமிருந்து இரண்டே ஆட்சேபங்கள் வந்திருப்பதைக் கண்டு நீதிமன்றமே வியப்பு தெரிவித்தது. முகவர்கள் கொடுத்ததை அதிகாரிகள் வாங்கவில்லை என்று சில கட்சிகள் சொன்னதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இருந்தும் செப்டம்பர் 1 அன்று நீதிமன்றம் என்ன செய்தது? வாக்காளர்களுக்கும் கட்சிகளுக்கும் விண்ணப்பம் போட உதவுவதற்குச் சட்ட உதவித் தன்னார்வலர்களை அனுப்பும்படி மாநிலச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் சொன்னது. தேர்தல் இயந்திரமும் கட்சி இயந்திரமும் முழுதாக நிற்கும் இடத்திலேயே, எந்தப் பக்கமும் சாராத மூன்றாவது கை தேவைப்பட்டது. முகவரின் உழைப்பு எவ்வளவு பெரிதானாலும் அதற்குள் ஒரு கணக்கு உண்டு. நம் ஓட்டா இல்லையா என்று பார்க்காமல் அவரால் நேரம் செலவிட முடியாது. இறந்தவரின் பெயரை நீக்கப் படிவம் 7 கொடுக்கும்படி எல்லாக் குடும்பத்திடமும் ஒரே மாதிரி பேசவும் முடியாது. ஓட்டு கேட்காதவரால் முடியும்.

தமிழ்நாட்டில் கட்சி சாராதவர் என்று ஒருவர் உண்டா என்று சிரிப்பார்கள். எந்தக் குழுவிலும் நாலு பேருக்கு நாலு கட்சி மேல் மனசு இருக்கும், உண்மைதான். ஆனால் சார்பின்மை என்பதை நான் மனத்தின் நிலையாகக் கேட்கவில்லை, நடத்தையின் விதியாகக் கேட்கிறேன். அமெரிக்காவில் பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை உறுதியாவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1920 பிப்ரவரியில், பெண் வாக்காளர் சங்கம் தொடங்கப்பட்டது. நூறாண்டு கடந்தும் அது ஊர்தோறும் கிளைகளோடு வாக்காளர் பதிவுக்கு உதவுகிறது, வேட்பாளர்களை ஒரே மேடையில் உட்கார வைத்துக் கேள்வி கேட்க வழிசெய்கிறது. கொள்கைகள் பற்றி அது வெளிப்படையாகவே நிலைப்பாடு எடுக்கும். எந்த வேட்பாளரையும் எந்தக் கட்சியையும் ஆதரிக்காது, எதிர்க்காது. அந்தக் கோடு போதும். இங்கும் ஒரு தெருவுக்கு வேறு வேறு சாய்வுள்ள இருவர் சேர்ந்து போகட்டும். கரை வேட்டி, கட்சிப் படம் போட்ட சட்டைப்பை எதுவும் வேண்டாம். படிவங்களைக் கட்டுக்கட்டாக வாங்கிக்கொண்டு போகவும் வேண்டாம். தேர்தல் ஆணையம் கட்சி முகவருக்கு மட்டும், அதுவும் ஒரு வரம்போடு, அப்படிக் கொடுக்க அனுமதிக்கிறது. தன்னார்வலர் பக்கத்தில் உட்கார்ந்து வாக்காளரையே நிரப்ப வைத்து, அவர் பேரிலேயே அனுப்ப வேண்டும். ஆதார் நகலையும் கைபேசி எண்ணையும் குழு தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது. ஒரு தெருவின் எண்கள் ஒரு நோட்டில் சேர்ந்தால், அதைக் கேட்டு வர எல்லாக் கட்சியிலும் ஆள் உண்டு.

என்னை அதிகம் தயங்க வைக்கும் ஆட்சேபம் வேறு. இப்படிப்பட்ட குழுக்கள் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கங்களில்தான் எளிதில் உருவாகின்றன, ஏற்கெனவே ஓட்டு உள்ளவர்களுக்கே உதவிக்கொண்டு நின்றுவிடுகின்றன. இது நடப்பதுதான், இதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. ஆனால் விதிகள் நாம் நினைப்பதைவிடத் தாராளமாக இருக்கின்றன, அவற்றைக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் ஆள் குறைவு. வீடில்லாதவர் முகவரிச் சான்று தர வேண்டியதில்லை. அவர் படுத்துறங்கும் இடம் என்று சொன்ன இடத்துக்கு அலுவலர் இரவில் போய்ப் பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்கிறது ஆணையத்தின் நடைமுறை. திருநங்கை ஒருவர் படிவம் 6இல் தந்தை பெயருக்குப் பதில் தன் குருவின் பெயரைக் கொடுக்கலாம். வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட ஒருவருக்கு இந்த ஒற்றைச் சலுகை எவ்வளவு பெரிது! நடைபாதையில் குடியிருப்பவருக்கும், பதினொரு மாத ஒப்பந்தத்தில் வீடு மாறிக்கொண்டே இருப்பவருக்கும் இவை சுவரொட்டி மூலம் போய்ச் சேராது. தேநீர்க் கடைக்காரர், இஸ்திரி வண்டிக்காரர், மகளிர் சுய உதவிக் குழுவில் இருப்பவர் ஆகியோர் குழுவில் இல்லாவிட்டால் அது பாதித் தெருவைப் பார்க்காத குழு.

காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018இல் வந்த 'சர்க்கார்' படத்துக்குப் பிறகு 49பி என்ற விதி ஊரெல்லாம் தெரிந்தது. நம் ஓட்டை வேறொருவர் போட்டிருந்தால்தான் அது பொருந்தும். பட்டியலிலேயே பெயர் இல்லாதவருக்கு வாக்குப்பதிவு நாளில் எந்த விதியும் கைகொடுக்காது. வேட்புமனுவின் கடைசி நாள் முடிந்தால் புதிதாகப் பெயர் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்ய 15 நாள்தான். ஆகவே தேர்தல் இல்லாத மாதங்களே இந்த வேலைக்கு உரியவை. 18 வயது நிறைவுக்கு இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று நான்கு தகுதி நாள்கள் இருப்பதால் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளையும் ஆண்டு முழுவதும் சேர்க்க முடியும். வேலையின் அளவைப் பார்த்து மலைக்க வேண்டாம். 1,200 பேர் கொண்ட ஒரு சாவடியின் பட்டியல் 40 பக்கம்தான் வரும். பத்துப் பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் ஆளுக்கு நான்கு பக்கம். அடுத்த ஞாயிறு, யார் இருக்கிறார், யார் போய்விட்டார், யார் பெயர் வரவில்லை என்று குறித்துக்கொண்டு தெருவில் இறங்கிவிடலாம்.