ஏழு குன்றமும் இரு துணைவரும்

ஓட்டப்பந்தயம் என்றவுடன், முதலில் வந்தவர் யாவர் என வினவுதல் உலக வழக்கு. இருவர் ஒருங்கே சேர்ந்தோடினர் என்று எவரேனும் கூறின், அஃது ஓட்டமன்று, உலாவுதலே என நகைப்பாரும் உளர். இக்கருத்து எத்துணைப் பிழையுடையதென்பதை, ஸ்காத்லாந்து தேசத்துத் தலைநகராகிய எடின்பரோவில் நடைபெறும் ஏழு குன்றப் பந்தயத்தைக் கொண்டு ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

அந்நகர் உரோமாபுரியைப்போலக் குன்றுகளின்மேல் அமைந்தது. பந்தயம் கால்ட்டன் குன்றில் தொடங்கிக் கோட்டைக் குன்று, கார்ஸ்டார்பின், கிரெய்க்லாக்கார்ட், பிரெய்ட், பிளாக்போர்டு, ஆர்தர் ஸீட் என்பவற்றை முறையே ஏறி இறங்கி, மீண்டும் கால்ட்டனிலேயே முடிவுறும். தூரம் ஏறக்குறைய 14 மைல்; ஏறவேண்டிய உயரமெல்லாம் கூட்டின் ஏறக்குறைய 2,200 அடி. ஒரு குன்றுக்கும் மற்றொரு குன்றுக்கும் இடையே இன்ன வழியே செல்க என்ற விதி இல்லை. தெருவோ, படிக்கட்டோ, புல்வெளியோ, அவரவர் தெரிந்துகொள்வதே வழி.

இக்குன்றுகள் வெறும் மண்மேடுகள் அல்ல. கோட்டைப் பாறையும் ஆர்தர் ஸீட்டும் ஏறத்தாழ 34 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்க் கனன்று அவிந்த எரிமலைகளின் எச்சங்கள். பிற்காலத்தில் மேற்கினின்று கிழக்கு நோக்கி ஊர்ந்த பனிப்பாளம் மென்பாறையைத் தேய்த்து, வன்பாறையை நிறுத்திச் சென்றது. அதனால் கோட்டைப் பாறை மேற்கே செங்குத்தாயும், கிழக்கே வால்போல நீண்டு சரிந்தும் நிற்கின்றது. அவ்வால்மீதே பழைய நகரின் பெருந்தெரு கிடக்கின்றது. ஏழினும் உயர்ந்த ஆர்தர் ஸீட் 823 அடி உயரமுடையது. அதுவோ ஆறு குன்றுகளால் கால் ஓய்ந்த பின்னரே எதிர்ப்படுவது. இப்பந்தயத்தின் கடுமை இதுவேயாகும்.

அந்நகரிற் கல்வி பயின்ற நாளில் யாமும் எம் உடன்மாணவர் ஒருவரும் துணைவராய் இதனை ஓடினோம். அவரினும் எமக்குக் கால்வலி சிறிது மிகுதி. ஆகவே கார்ஸ்டார்பின் குன்றில் யாம் விரைந்தேறி, உச்சியில் நின்று அவரை எதிர்பார்த்திருந்தோம். அவர் வந்தடைந்தவுடனே, “வாரும், புறப்படுவோம்” என்றோம். கிரெய்க்லாக்கார்ட்டிலும் அவ்வாறே செய்தோம். துணைவருக்காகக் காத்திருந்தமையால் எம்மை நல்ல நண்பராகவும் எண்ணிக்கொண்டோம். பிரெய்ட் குன்றில் அவர் புல்லின்மேல் அமர்ந்துவிட்டார். “நீர் எனக்காகக் காத்திருக்கின்றீர், என்னோடு வருகின்றீரில்லை” என்றார்.

அச்சொல் எம்மைச் சுட்டது. ஆராய்ந்து பார்த்தபொழுது அவர் கூறியது கணக்குப்போல் தெளிவாயிருந்தது. உச்சியிற் காத்திருப்பவன் அந்நேரமெல்லாம் இளைப்பாறுகின்றான். பின்வருபவனோ வந்த மூச்சோடே மறுபடியும் ஓடுகின்றான். இவ்வாறு ஒவ்வொரு குன்றிலும் வலியவன் மேலும் வலியவனாகின்றான். மெலியவன் மேலும் மெலிகின்றான். காத்திருத்தல் என்னும் தயவு மெலியவனுக்கு ஒரு நன்மையும் செய்வதில்லை. அதன்பின் அவரை முன்னே விட்டு, யாம் பின்னே சென்றோம். ஏற்றத்தில் அடியைக் குறுக்கி, இருவரும் பேசுதற்குரிய மூச்சளவிலேயே ஏறினோம். இறக்கத்தில் தொடைகள் அதிராதவாறு அருகருகே இறங்கினோம். முன்னர்க் கருதிய நேரத்தினும் மிகப் பிந்தினோமாயினும், எஞ்சிய குன்றுகளையும் இருவருமே கடந்தோம்.

பந்தயத்தார் கோட்டையை நோக்கி ஏறும் அப்பெருந்தெருவின் அருகே ஒரு சபை மண்டபம் உளது. 1910 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் உலக மிஷனெரி மாநாடு அங்கே கூடியது. திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையிற் பிறந்தவரும், 1912 இல் தோர்ணக்கல் அத்தியட்சராய் அபிஷேகம் பெற்றவருமாகிய வேதநாயகம் சாமுவேல் அசரியா அம்மாநாட்டிற் பேசினார். மேனாட்டு ஊழியர்கள் பொருளீந்ததையும் உயிரீந்ததையும் நன்றியோடு ஒப்புக்கொண்டு, இந்தியர் வேண்டுவது அவற்றினும் மேலாக நட்பே என்று அவர் முறையிட்டார். ஈகை மிகுந்தும் தோழமை குறைந்திருத்தலை அவர் அவ்வவையில் அஞ்சாது எடுத்துக்காட்டினார். எம் நண்பர் புல்லின்மேல் அமர்ந்து கூறியதும் இதுவேயன்றோ? உச்சியினின்று கை நீட்டுவது ஈகை. அடிவாரத்தினின்று உடனேறுவது நட்பு.

தனித்தோடிப் புகழ் பெற்றார் இலரோ எனச் சிலர் வினவலாம். உளர். அதே எடின்பரோவின் பல்கலைக்கழகத்திற் பயின்ற எரிக் லிடல் 1924 இல் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்தில் 400 மீட்டர் தூரத்தை 47.6 செக்கண்டில் ஓடிப் பொற்பதக்கம் பெற்றார். தன் பாதையில் தனித்தோடுவதே அவ்வோட்டத்தின் முறை. அதனை யாம் குறைகூறோம். ஆயினும் அவ்வீரரே பின்னர்ச் சீனதேசத்தில் ஊழியராகி, யுத்தகாலத்துச் சிறைமுகாமிற் சிறுவர்களுக்குக் கற்பித்தும், அவர்களை விளையாடுவித்தும், அவர்களோடு உடனிருந்தே 1945 இல் உயிர்நீத்தார். விரையவேண்டிய இடத்தில் விரைதலும், உடனிருக்கவேண்டிய இடத்தில் உடனிருத்தலும் அறிந்தவர் அவர்.

நம் கல்லூரியில் முன்னதற்குப் பரிசுகள் பல, பின்னதற்கு ஒன்றுமில்லை. ஆதலின் விளையாட்டு விழாவில், இருவர் இருவராய் ஓடி, பிந்தி வருபவர் எல்லையைத் தொடும் நேரமே இருவர்க்கும் நேரமாகக் கொள்ளப்படும் பந்தயம் ஒன்றைச் சேர்க்க வேண்டுமெனப் பரிந்துரைக்கின்றோம். இது விளையாட்டு மைதானத்தோடு நிற்பதன்று. கணக்கில் வல்ல மாணாக்கர் தாம் முடித்த விடையைத் தோழர்க்குக் காட்டிச் செல்லுதல் உச்சியினின்று கையசைத்தலேயாகும். அவர் தடுமாறும் வரியினின்று அருகமர்ந்து தொடங்குதலே உடனோடுதல். கிராமத் தொண்டுக்குச் செல்வோரும் இதனை நினைவிற் கொள்வது நலம்.

கால்ட்டன் குன்றின்மேல் 1826 இல் தொடங்கப்பெற்று, பொருளின்மையால் 1829 இல் கைவிடப்பட்ட நினைவு மண்டபம் ஒன்று உளது. அதன் பன்னிரண்டு தூண்களே இன்று நிற்கின்றன. யாங்கள் ஆர்தர் ஸீட்டினின்று இறங்கி அத்தூண்களின் அருகே வந்தடைந்தபோது எங்களுக்கு முன்னரே பலர் வந்திருந்தனர். எம் நண்பர் தனித்து வரவில்லை; யாமும் தனித்துக் காத்திருக்கவில்லை. முதற்பரிசு பெற்ற வேறெந்த நாளினும் அந்நாளையே யாம் பெரிதாக எண்ணுகின்றோம்.