வீட்டுக்குள் ஒரு துப்பறிவாளர்

துப்பறியும் கதை என்றால் நம் பேராசிரியர்கள் புன்னகை புரிவார்கள். மாணவர்களோ பாடப்புத்தகத்துக்குள் வைத்துப் படிப்பார்கள். தமிழ்வாணனின் சங்கர்லாலும் சுஜாதாவின் கணேஷ், வசந்தும் இப்படி ஒளிந்து வாழ்ந்தவர்கள்தாமே! அவற்றைப் படிப்பது வீண் என்போர் கட்சியில் நான் இல்லை. ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு. சங்கர்லாலுக்குத் துப்பறிவதே தொழில். மற்ற இருவரும் வக்கீல்கள். அமெரிக்கக் கதைகளில் நான்சி ட்ரூ என்னும் இளம்பெண் 1930-லேயே துப்பறியப் புறப்பட்டுவிட்டாள். வங்காளத்தில் சத்யஜித் ராய் 1965-ல் படைத்த ஃபெலுதாவோடு அவனுடைய ஒன்றுவிட்ட தம்பியும் கூடவே அலைகிறான். சித்தி, பெரியம்மாக்களுக்கு நடுவே கூடத்தில் நின்று துப்பறியும் பிள்ளை நமக்கும் வேண்டும். கதையில் மட்டுமல்ல, வீட்டிலும்.

ஏன் என்கிறீர்களா? குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் தென்காசியில் விருந்தாளி இல்லாத வீடு ஏது? ஐந்து பேர் வீட்டில் பதினைந்து பேர். அந்தக் கூட்டத்தில் ஏதாவது காணாமல் போனால் முதலில் அடிபடுவது வேலைக்கு வரும் பெண்ணின் பெயர். சிலர் மை போட்டுப் பார்க்கவும் கிளம்புவார்கள். மைக்காரர் கெட்டிக்காரர்; பெயர் சொல்ல மாட்டார். "வீட்டுக்குப் பழகிய ஆள்" என்பார். மிச்சத்தை நாமே நிரப்பிக்கொள்வோம்.

எங்கள் உறவில் ஒரு வீட்டில் இப்படித்தான் சங்கிலி போயிற்று. ஐந்தருவியில் குளித்துத் திரும்பியதும் கண்ணாடி முன்னால் கழற்றி வைத்ததாக அத்தை சாதித்தார். அறையைப் பெருக்கியவர் வேலைக்கார அக்கா. வேறென்ன வேண்டும்? ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் சித்தி மகள் மட்டும் அருவிக்கரையில் எடுத்த படங்களைச் செல்பேசியில் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அத்தையின் கழுத்து வெறுமையாக இருந்தது! அப்படியானால் புறப்படுமுன்பே கழற்றியிருக்க வேண்டும். எப்போது? காலையில் எண்ணெய் தேய்த்தபோது. புறவாசலில் கிடந்த எண்ணெய்த் துண்டின் முடிச்சில் சங்கிலி இருந்தது.

எல்லாரும் சிரித்தார்கள், காப்பி வந்தது. அந்த அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அதுதான் என்னைச் சுட்டது.

கோவலன் கதையை நாம் வகுப்பில் படிக்கிறோம். கண்ணகி பாண்டியன் அவையில் கண்ணீரால் மட்டுமா வென்றாள்? அரசியின் சிலம்பில் முத்துப்பரல். இவள் உடைத்த சிலம்பிலிருந்து தெறித்ததோ மாணிக்கம். தடயத்தை முன்வைத்து வாதாடியவள் அவள். ஆனால் விசாரணை தண்டனைக்குப் பின்னால் வந்தது. நம் வீடுகளில் இன்றும் அந்த வரிசைதான்.

துப்பறிகிறேன் பேர்வழி என்று அக்காவுக்கு வந்த கடிதத்தைப் பிரிப்பதும் கதவோரம் காது வைப்பதும் வேறு. அது வேவு. நான் கேட்பது, பழி விழுமுன் நான்கு கேள்வி கேட்கும் பிள்ளையை "பெரியவங்க பேசும்போது உனக்கென்ன?" என்று விரட்டாதிருப்பதை.

சித்தி மகள் அன்று காப்பி குடிக்கவில்லை. அத்தையின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போனாள். "அக்கா, சங்கிலி எங்க துண்டிலேதான் இருந்தது. அத்தை சொல்ல வந்திருக்காங்க" என்றாள். சங்கர்லாலுக்கு இந்த வேலை இல்லை. கதை முடிந்ததும் தேநீர் அருந்தப் போய்விடுவார்.