கேட்பவர் பிழையும் உண்டு

கீழ்வகுப்புச் சிறுவன் ஒருவனிடம், “எட்டும் ஏழும் எத்தனை?” என்று கேட்டோம். “பதினைந்து” என்றான். அவன் உறுதியைச் சோதிக்கும் எண்ணத்துடன் அதே வினாவை மீண்டும் கேட்டோம். அவன் முகம் வாடிற்று. “பதினாறு” என்றான். அவனுக்குக் கணக்குத் தெரியவில்லையா? எமக்குக் கேட்கத் தெரியவில்லையா?

குழந்தை வளர்ச்சி உளவியலில் பட்டப்பின் ஆராய்ச்சி செய்யப் புகும் மாணவர் முதற்கண் கொள்ளவேண்டியது இந்த ஐயமேயாம்.

சுவிற்சர்லாந்து அறிஞர் ஜீன் பியாஜே, ஒரே வடிவான இரு குவளைகளிற் சம அளவு நீரை வார்த்து, “இரண்டும் சமமா?” என்று குழந்தைகளைக் கேட்டார். “ஆம்” என்றபின், ஒன்றிலுள்ள நீரை ஒடுங்கிய, உயரமான பாத்திரத்தில் ஊற்றி, முன்னைய வினாவையே மறுபடியும் கேட்டார். ஐந்து வயதுப் பிள்ளைகளிற் பலர், உயர்ந்து நிற்கும் நீரே அதிகம் என்றனர். தோற்றம் மாறினும் அளவு மாறாது என்னும் அறிவு அவ்வயதில் முதிர்வதில்லை என அவர் முடிவு கண்டார். வில்லைகளை வரிசையாக அடுக்கிச் செய்த சோதனையும் அவ்வாறே முடிந்தது.

1974 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் மக்கரிகிள், மார்கரெட் டொனால்ட்சன் என்னும் இருவர் இம்முறையைச் சிறிது மாற்றினர். வில்லை வரிசையைப் பெரியவர் கலைக்கவில்லை. பெட்டியிலிருந்து குதித்து வந்த குறும்புக் கரடிப் பொம்மை கலைத்தது! நான்கு முதல் ஆறு வயது வரையான 80 பிள்ளைகளிடம் இது நடத்தப்பட்டது. இம்முறை சரியான விடை கூறியோர் தொகை பெரிதும் உயர்ந்தது. பெரியவர் தாமே ஒன்றை மாற்றிவிட்டு மீண்டும் கேட்டால், “விடையும் மாறவேண்டும் போலும்” என்று பிள்ளை எண்ணுவது இயல்புதானே! 1984 இல் சாமுவேல், பிரையன்ட் ஆகியோர் மாற்றத்தின் பின் ஒரே முறை மட்டும் வினவினர். அப்போதும் தவறுகள் குறைந்தன. ஆயினும் இளைய பிள்ளைகளே கூடுதலாகத் தவறினராதலின், பியாஜேயின் கருத்து முற்றாக வீழ்ந்துவிடவில்லை.

தராசைச் சரிபார்த்த பின்னன்றோ பண்டத்தை நிறுத்தல் வேண்டும்? பிள்ளையின் அறிவை அளப்பவர் தம் வினாவை முதலில் அளந்து பார்த்தல் வேண்டும். இது ஆராய்ச்சியாளருக்கு மட்டுமன்றி, பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் பொருந்தும்.

மறுநாள் அச்சிறுவனை அழைத்து, “தம்பி, உன் முதல் விடையே சரி, பிழை எம்முடையது” என்றோம். அவன் சிரித்த சிரிப்பு, பல நூல்கள் கற்பியாததை எமக்குக் கற்பித்தது.